ஸ்கெல்தோர்ப்புக்குப் போன சவப்பெட்டி

இறந்தவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம், வைத்த இடத்தில் இருப்பார்கள் என்பதுதான். ஜேபெஸ் ட்ரான்மர் அந்த நம்பிக்கையிலும் மண்ணைப் போட்டார்.

"அப்பாவைக் காணோம்," என்றாள் அவருடைய மகள் டார்கஸ். காலையில் அலுவலகத்தைத் திறந்ததும் திறக்காததுமாக உள்ளே வந்து நின்றாள். கறுப்பு உடை, கறுப்புத் தொப்பி, முகமெல்லாம் வியர்வை.

"வயசானவர்தானே, காத்தாட எங்கயாவது போயிருப்பார். பசிச்சா வந்துடுவார்," என்றேன்.

"அவர் செவ்வாய்க்கிழமையே செத்துட்டார்."

நான் வாயை மூடிக்கொண்டு டீ போடப் போனேன். அதற்கும் வழியில்லை. 1976ஆம் வருடக் கோடை அது. யார்க்‌ஷயரில் மழை பெய்து எத்தனை காலம் ஆயிற்று என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். குழாயில் காற்றுதான் வந்தது.

"நீ சும்மா இரு, க்ளெம். உட்காரும்மா, முதல்லேர்ந்து சொல்லு," என்றார் மிஸஸ் வின்னி ஸ்டாக்டேல்.

அவர் என் முதலாளி. பாதி ஆயுளை வக்கீல் அலுவலகத்தில் டைப் அடித்துக் கழித்துவிட்டு, மீதிப் பாதியைத் துப்பறிவதற்கு ஒதுக்கியவர். கார் ஓட்டுவதும், ஏணி பிடிப்பதும், வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதும் என் உத்தியோகம்.

டார்கஸ் சொன்னாள். நேற்று சாயங்காலம் சவப்பெட்டியை மார்ட்டன்பி ஊர் ஜெபக்கூடமான சாப்பலில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். இன்று மூன்று மணிக்கு ஸ்கெல்தோர்ப் சர்ச்சில் அடக்கம். காலையில் பூ வைக்கப் போனால் பெட்டி இல்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஸ்கெல்தோர்ப் சர்ச்சை மூடறாங்க. அதுக்கப்புறம் அங்க யாரையும் புதைக்க முடியாது. டவுன்ல முனிசிபல் கல்லறையிலதான் போடணும். எங்கம்மா ராணிக்கு முடிசூட்டின வருஷத்துலேர்ந்து ஸ்கெல்தோர்ப்ல தனியா படுத்திருக்கா. 'அவ பக்கத்துல என்னைப் போடு'ன்னு அப்பா என் கையைப் பிடிச்சுக் கேட்டார். நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன், அக்கா." அவள் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள்.

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகம் என்ன சந்தேகம்? மேஜர் ஃபென்டன்தான்!"

ஸ்கெல்தோர்ப்பில் ஊர் கிடையாது. ஐந்நூறு வருடத்துக்கு முன்பு அந்த நிலத்துக்காரர் மனிதர்களைவிட ஆடு லாபம் என்று கண்டுபிடித்து, இருந்தவர்களை விரட்டி, வேலியைப் போட்டுவிட்டார். மிஞ்சியது ஒரு சர்ச், புல் மூடிய மேடு பள்ளம், அந்த ஆடுகளின் பேரப்பிள்ளைகள். சர்ச்சை வருடத்துக்கு ஒரு தடவை அறுவடை ஆராதனைக்குத் திறப்பார்கள். மேஜர் ஃபென்டன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, போன வருடம்தான் அந்த நிலத்தை வாங்கினார். இந்த வசந்தத்தில், மார்ட்டன்பி ஊர்க்காரர்கள் சர்ச்சுக்குப் போகும் வழியில் முள்கம்பி போட்டார். அடக்கத்துக்கு வேண்டுமானால் என் வீட்டு வாசல் வழியாக வண்டியில் வாருங்கள், குண்டூசி கொடுத்துவிட்டு, என்று சொல்லியிருந்தார்.

குண்டூசி என்ன குண்டூசி என்றால், எங்கள் பக்கத்தில் தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஒரு பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நிலத்தைக் கடந்துவிட்டால், அன்றிலிருந்து அது பொதுப் பாதை. பிறகு ராஜாவே வந்தாலும் அடைக்க முடியாது. இதற்கு ஒரே மாற்று, நிலத்துக்காரர் ஒரு குண்டூசியை வாங்கி வாசல் கம்பத்தில் குத்திவிடுவது. ஊசி வாங்கினால் அவர் அனுமதி கொடுத்ததாக அர்த்தம். அனுமதி கேட்டவனுக்கு உரிமை ஏது?

"குண்டூசி கொடுத்தாலும் பயம் போகலை அந்த ஆளுக்கு. அதான் அப்பாவையே தூக்கிட்டான்!" என்றாள் டார்கஸ்.

மிஸஸ் ஸ்டாக்டேல், "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றும் இல்லை. நானும் பார்த்தேன்.

* * *

சாப்பல் கதவின் சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருந்தது. அங்கே இருக்கும் என்பது மார்ட்டன்பியில் எல்லோருக்கும் தெரியும், திருடர்கள் உட்பட. உள்ளே பெட்டியை வைத்திருந்த மரத் தாங்கிகள் மடித்துச் சுவரோரம் சாத்தப்பட்டிருந்தன. மெழுகுவர்த்தி அணைக்கப்பட்டிருந்தது. மலர்வளையம் மட்டும் மூலையில் ஒரு வாளியில் இருந்தது.

"வாளியில என்ன இருக்கு, க்ளெம்?"

"தண்ணி, மேடம்."

"எவ்வளவு?"

"வாளி நிறைய." சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்த வாரம் நான் குளித்த தண்ணீரில் என் தக்காளிச் செடி குளித்தது. அதில் மிஞ்சியதைத்தான் நாய் குடித்தது.

"இந்தக் கோடையில ஒரு வாளித் தண்ணியை செத்தவருக்கு வந்த பூவுக்குக் கொடுத்திருக்காங்க. இது திருடன் செய்யற வேலை இல்லை. ஜேபெஸை நேசிச்சவங்க செஞ்ச வேலை."

"நேசிக்கறவங்க எதுக்குப் பிணத்தைத் திருடணும்?" என்றேன். "என்னை நேசிக்கறவங்க என் சைக்கிளைக்கூடத் தொடறதில்லை."

"உன் சைக்கிள்ல செயின் இல்லை," என்று அவர் காரில் ஏறினார். "ஸ்கெல்தோர்ப்புக்கு விடு. அவரை நேசிக்கறவங்க அவரைத் தூக்கிட்டு வேற எங்கயும் போக மாட்டாங்க."

டார்கஸ் பின் சீட்டில், "மேஜர்தான், மேஜர்தான்" என்று வழியெல்லாம் ஜெபம் செய்துகொண்டு வந்தாள்.

* * *

மேஜர் ஃபென்டன் தன் வாசலில் நின்றிருந்தார். மெலிந்த மனிதர், மீசையை மட்டும் நன்றாகச் சாப்பாடு போட்டு வளர்த்திருந்தார். சட்டையெல்லாம் வைக்கோல் தூசி. எங்களைப் பார்த்ததும், "எத்தனை பேர்? மூணா? எல்லாரும் உயிரோடதானே இருக்கீங்க?" என்று கேட்டார்.

"இதுவரைக்கும்," என்றேன்.

"என் அப்பா எங்கய்யா?" என்று டார்கஸ் பாய்ந்தாள். மேஜர் பின்வாங்கிக் கம்பத்தில் முட்டிக்கொண்டார்.

"அம்மா, உங்க ஊர்ச் சாப்பல்ல நான் கால் வச்சதே இல்லை. பைபிள் மேல சத்தியம் பண்றேன். நான் அங்கேர்ந்து எதையும் எடுக்கலை." உண்மை பேசுகிறவர் முகம் அது. ஆனால் வியர்வை நெற்றியிலிருந்து மீசைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

குழியைப் பார்க்க வேண்டும் என்று மிஸஸ் ஸ்டாக்டேல் கேட்டார். மேஜர் சம்மதித்தார். தன் பொட்டலத்திலிருந்தே ஆளுக்கொரு குண்டூசி கொடுத்து, அதையே திரும்ப வாங்கிக் கம்பத்தில் குத்தினார். பிணம் இல்லாதவர்களுக்கும் ஊசியா என்று கேட்டேன். முன்ஜாக்கிரதை என்றார்.

நாங்கள் நகரும்போது, "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்," என்று மேஜர் கனைத்தார். "ஒரு பிணம் பாதி தூரம் வந்து நின்னுடுச்சுன்னு வைங்க. அது பாதிப் பாதையா, முழுப் பாதையா? வந்த வழியே திரும்பிப் போயிட்டா கழிஞ்சுடுமா, இல்லை ரெண்டு பாதை ஆயிடுமா?"

"எதுக்குக் கேக்கறீங்க?" என்றார் மிஸஸ் ஸ்டாக்டேல்.

"பொது அறிவுக்கு."

* * *

சர்ச் வாசலில் பாதிரியார் குழியை வெறித்தபடி நின்றிருந்தார். டார்கஸை அவரோடு விட்டுவிட்டு நாங்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் ஏறி நின்றோம். கீழே வயல்.

சாதாரண வருடத்தில் அது வெறும் பச்சைப் புல்வெளி. இந்த வருடம் காய்ந்து கிடந்ததில் செத்துப்போன ஊர் எழுந்து வெளியே வந்திருந்தது. மண்ணுக்குள் சுவர் இருக்கும் இடத்தில் புல் முதலில் கருகும். பழைய குழியும் வாய்க்காலும் இருந்த இடத்தில் பச்சை கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். ஒவ்வொரு வீடும் அறை அறையாகப் பழுப்புக் கோட்டில் தெரிந்தது. நடுவில் பள்ளத்தெரு. அந்தக் காலத்து வண்டியும் மாடும் நடந்து நடந்து ஆள் உயரத்துக்கு இறங்கிவிட்ட தெரு அது. மார்ட்டன்பி பக்கத்து முள்கம்பியில் தொடங்கி சர்ச்சுக்கு வருகிறது.

"இதோ இந்த வீட்டுக்காரர் கொஞ்சம் வசதி. மூணு அறை," என்றேன். "பக்கத்து வீட்டுக்கு ஒரே அறை. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இருந்திருக்காது."

"அந்தக் கோடு என்ன?" மிஸஸ் ஸ்டாக்டேல் கை நீட்டினார். எல்லாக் கோட்டையும் விட மெலிதாக ஒன்று, வெளிறிப்போய், வேலி தாண்டும், இப்போது முள்கம்பி சுற்றிய பழைய மரப்படியிலிருந்து கிளம்பி, பள்ளத்தெருவையும் மதிக்காமல் வீட்டுச் சுவர்களுக்கு மேலேயே குறுக்கே வந்து, நாங்கள் நின்ற தோட்டத்துச் சின்னக் கதவில் முடிந்தது.

"ஆடு போற தடம், மேடம்."

"ஆடு மரப்படி ஏறுமா?"

"படிச்ச ஆடா இருந்தா..."

அவர் முறைத்ததால் நிறுத்தினேன். வயலுக்கு இறங்கினோம்.

வீடுகள் இருந்த மேடுகளில் மட்டும் காஞ்சொறி இடுப்பளவு மண்டிக் கிடந்தது. எத்தனையோ தலைமுறை அடுப்புச் சாம்பலையும் சாணத்தையும் தின்று வளர்ந்த செடி, வறட்சிக்கெல்லாம் அசையாது. வேலிப் பக்கத்து முதல் மேட்டில் அது மிதிபட்டிருந்தது. மிதிபட்ட விதம்தான் விசித்திரம். இரண்டு வரிசையில் நசுங்கிக் கிடக்க, நடுவில் ஒரு கீற்று மட்டும் நிமிர்ந்து நின்றது.

"ரெண்டு வரிசையா ஆளுங்க," என்றார் மிஸஸ் ஸ்டாக்டேல். "நடுவுல யாரும் நடக்கலை. நடுவுல இருந்தவர் மேல இருந்தார், தோள் மேல."

"ஜேபெஸ்!"

"தெருவுல நேரா இறங்க முடியாம முள்கம்பி தடுக்குது. அதனால மேட்டு மேல ஏறி வந்திருக்காங்க. சரி, அடுத்த மேட்டைப் பாரு."

அடுத்த மேட்டில் ஒரு செடிகூட மடங்கவில்லை. இரண்டு மேட்டுக்கும் நடுவே பள்ளத்தெருதான். அதில் பத்துப் பன்னிரண்டு வைக்கோல் கட்டுகளை அடுக்கிவைத்திருந்தார்கள். மிஸஸ் ஸ்டாக்டேல் அங்கேயும் இங்கேயும் உலவ, நான் அந்த வைக்கோல் போரின் நிழலில் சாய்ந்து, கொண்டுவந்த பன்றிக்கறி பேஸ்ட்ரியைச் சாப்பிட்டேன். அந்த வயலிலேயே நிழல் அங்கே மட்டும்தான் இருந்தது. முதுகுக்கும் இதமாக, உள்ளே ஏதோ பலகை வைத்த மாதிரி இருந்தது.

"எழுந்திரு, க்ளெம். இந்த வெயில்ல மார்ட்டன்பியில யார் முழுக்கால்சட்டை போட்டிருக்காங்கன்னு பார்க்கணும்."

* * *

டார்கஸையும் ஏற்றிக்கொண்டு 'கலப்பை' பப்புக்குப் போனோம். ஊரில் பாதிரியாரைத் தவிர ஆண்பிள்ளைகள் எல்லோரும் அரைக்கால்சட்டையில் திரிந்த நாள் அது. பின்கட்டு மேஜையில் மார்ட்டன்பி மணியடிக்கும் குழுவின் நான்கு பேர், குளிர்காலத்துக் கம்பளிக் கால்சட்டையில் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் நான்கு கோப்பை பீர். யாரும் தொடவில்லை. யார்க்‌ஷயரில் அதுவே வாக்குமூலம்.

"கால்சட்டையைக் கொஞ்சம் மேல தூக்குங்க, சிட்," என்றார் மிஸஸ் ஸ்டாக்டேல்.

கசாப்புக்கடை சிட் பார்டில்தான் குழுத் தலைவர். "ஏம்மா, நான் கல்யாணம் ஆனவன்," என்றார்.

"முழங்கால் வரைக்கும் போதும்."

தூக்கினார். தடிப்பு தடிப்பாகச் சிவந்து கிடந்தது. காஞ்சொறிக் கடிக்குத் தேய்க்கும் டாக் இலை நாலைந்து காலுறைக்குள்ளிருந்து விழுந்தன. பக்கத்தில் வால்ட் என்கிறவர் வீங்கிய கணுக்காலை நாற்காலியில் போட்டிருந்தார்.

டார்கஸுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. "சிட் மாமா, நீங்களா?"

சிட் உடைந்துபோனார். "உங்கப்பன் கேட்டான்மா. சாகறதுக்கு முந்தி எங்க நாலு பேரையும் கூப்பிட்டு, 'என்னை அந்த ஆள் வாசல் வழியா வண்டியில ஏத்தாதீங்கடா. குண்டூசி கொடுக்காதீங்க. பழைய தெரு வழியாத் தோள்ல தூக்கிட்டுப் போங்க. நான் போனா வழி திறந்துடும், டார்கஸ் எங்க ரெண்டு பேரையும் வந்து பார்க்கலாம்'னான். உன்கிட்டச் சொன்னா நீ விட மாட்டியேன்னு சொல்லலை. விடியறப்பத் தூக்கினோம். சர்ச்சுல கொண்டுபோய் வச்சுட்டா, மூணு மணிக்கு நீ வர்றப்ப இருப்பான்னு நெனச்சோம்."

"இருந்தாரா?" என்றாள் டார்கஸ்.

"பள்ளத்தெருவுல இறக்கி வச்சு மூச்சு வாங்கினோம். ஜேபெஸ் கனம் உனக்குத் தெரியும். அப்ப மேஜர் நாயோட வந்துட்டார். ஓடினோம். இவன் காலைச் சுளுக்கிக்கிட்டான். அப்புறம் பதுங்கிப் பதுங்கி வேலியோரமாப் போய் எட்டிப் பார்த்தோம். வயல்ல பெட்டி இல்லை."

"எங்கப்பாவை நடுவயல்ல போட்டுட்டு ஓடி வந்து, பீர் வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களா?" டார்கஸ் ஒரு கோப்பையைத் தூக்கினாள். சிட் தலையைக் குனிந்தார். அவள் குறி தவறவில்லை. அந்த வறட்சியில் மார்ட்டன்பியில் நன்றாக நனைந்த ஒரே மனிதர் அவர்தான்.

"நான் குடிக்கலைம்மா," என்றார் சிட், பீர் சொட்டச் சொட்ட. "தொண்டையில இறங்கலை."

* * *

எல்லோரையும் காரில் திணித்தேன். வால்ட் என் மடியில் பாதி.

"அப்ப மேஜர்தான் தூக்கியிருக்கார்! பைபிள் மேல பொய்ச் சத்தியம்!" என்றேன்.

"சாப்பல்லேர்ந்து எடுக்கலைன்னுதானே சத்தியம் பண்ணார்? உண்மைதான். இப்ப அவர் இடத்துல இருந்து யோசி," என்றார் மிஸஸ் ஸ்டாக்டேல். "பிணம் போனா பாதைன்னு நம்பற மனுஷன். விடிஞ்சா தன் வயலுக்கு நடுவுல சவப்பெட்டி. சர்ச்சுக்குக் கொண்டுபோனா, மிச்சப் பாதையை அவரே போட்டுக் கொடுத்த மாதிரி. வேலிக்கு வெளிய திருப்பிக் கொண்டுபோனா, அந்தப் பக்கமும் பாதை. தன் வீட்டுக்குக் கொண்டுபோனா, வீட்டு வாசலுக்கே பாதை."

"அப்ப என்னதான் செய்வார்?"

"எதுவும் செய்ய மாட்டார். ஒரு அடி நகர்த்த மாட்டார். மூடித்தான் வைப்பார்." அவர் என் பக்கம் திரும்பினார். "அது ஆடு மேயற புல்வெளி. அங்க வைக்கோல் விளையறதில்லை. தப்பித்தவறி வைக்கோலைக் கொண்டுவந்தாலும், மழைத் தண்ணி ஓடற பள்ளத்துல எந்த விவசாயியும் போர் போட மாட்டான். மழை இல்லாத வருஷம்னாலும் கை பழக்கம் மறக்காது. பட்டாளத்துக்காரர் போடுவார். க்ளெம், நீ எதுல சாய்ஞ்சு சாப்பிட்டே?"

கார் ஒரு தடவை சாலையை விட்டு இறங்கி ஏறியது. அந்தப் பலகையின் இதம் இன்னும் என் முதுகில் இருந்தது.

* * *

மேஜர் வைக்கோல் போரின் மேல் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இறங்குங்க, மேஜர்," என்றார் மிஸஸ் ஸ்டாக்டேல்.

அவர் இறங்கினார். நிம்மதியாகவே இறங்கினார். "நான் திருடலை. தொடவே இல்லை. காலையிலேர்ந்து எப்படி யோசிச்சாலும் வழி தெரியலை," என்றார். "வெயில் படாம இருக்கட்டும்னுதான் வைக்கோல் கட்டுகளை அடுக்கினேன். அந்த அளவுக்கு மனுஷன்தான் நான்."

டார்கஸ் கட்டுகளைப் பிடுங்கி எறிந்தாள். பெட்டியின் மூடி தெரிந்ததும் அதன் மேல் கவிழ்ந்து, "அப்பா, அப்பா" என்று கதறினாள். நான் தொப்பியைக் கழற்றி, ஜேபெஸிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். பெட்டி மேல் என் பேஸ்ட்ரித் துணுக்குகள் கிடந்தன. யாரும் பார்ப்பதற்குள் தட்டிவிட்டேன்.

மேலே சர்ச் மணி ஒற்றையாக அடிக்கத் தொடங்கியது. மூன்று ஆகப் போகிறது.

"தூக்குங்கடா," என்றார் சிட்.

"குண்டூசி," என்றார் மேஜர்.

"குண்டூசியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஜேபெஸுக்கு வாக்குக் கொடுத்திருக்கோம்."

"அப்ப ஒரு அடி நகராது."

"ஐந்நூறு வருஷத்துக்கு முந்தியும் உன்னை மாதிரி ஒருத்தன்தான்யா இங்க வேலியைப் போட்டு ஊரையே காலி பண்ணான்!"

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாது!"

டார்கஸ் எழுந்தாள். "உங்க பாதையும் வேண்டாம், உங்க ஊசியும் வேண்டாம். எங்கம்மா பக்கத்துல அவரைக் கொண்டுபோய் வைங்க. மணி அடிக்குது. கேக்கலையா உங்களுக்கெல்லாம்?" யாரும் அசையவில்லை. எனக்கு அத்தனை பேரையும் காஞ்சொறியில் உருட்டலாம் போல இருந்தது.

மிஸஸ் ஸ்டாக்டேல் நிதானமாகக் கைப்பையை மூடினார். "வால்ட்டுக்குக் கால் சுளுக்கு. நாலாவது ஆள் இல்லை. அந்த மூலையை மேஜர் தூக்கட்டும்."

"நானா?"

"பழைய வழக்கம் இருக்கு. நிலத்துக்காரரே தோள் கொடுத்தா, அவர் வீட்டுச் சாவு மாதிரி. ஊசியும் வேண்டியதில்லை, பாதையும் ஆகாது. அதே சமயம் அனுமதி கேட்டதாகவும் ஆகாது. ரெண்டு பேர் வாக்கும் நிக்கும்."

மேஜர் சிட்டைப் பார்த்தார். சிட் மேஜரைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் புரியவில்லை, அதனால் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

அப்படித்தான் ஜேபெஸ் ட்ரான்மர் ஸ்கெல்தோர்ப் தெரு வழியாகப் போனார். மூன்று அறை வீட்டைத் தாண்டி, ஒற்றை அறை வீட்டைத் தாண்டி, கசாப்புக்கடைக்காரருக்கும் மேஜருக்கும் நடுவில். மேஜர் குள்ளம். அந்த மூலை மட்டும் தாழ்ந்து தாழ்ந்து வந்தது. ஆனாலும் அவர் ஒரு தடவைகூட இறக்கி வைக்கச் சொல்லவில்லை.

* * *

மண் தள்ளி முடிந்தது. இரண்டு பேரும் அடுத்தடுத்துப் படுத்தாயிற்று. டார்கஸ், சாப்பல் வாளியிலிருந்து எடுத்து வந்திருந்த மலர்வளையத்தை இரண்டு கல்லறைக்கும் பொதுவாக வைத்தாள்.

நான் முதலாளி காதில், "மேடம், அப்படி ஒரு வழக்கம் நெஜமாவே இருக்கா?" என்றேன்.

"இன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து இருக்கு," என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "மேஜர், உங்களுக்கு ஒரு நல்ல சேதி. பிணம் போனா பாதை ஆகும்னு எந்தச் சட்டத்துலயும் கிடையாது. சுத்தக் கட்டுக்கதை. வக்கீல் ஆபீஸ்ல வருஷத்துக்கு ஒருத்தராவது வந்து கேப்பாங்க. கேட்டவங்க எல்லாரும் ஏமாந்துதான் போனாங்க," என்றார்.

மேஜரின் மீசைக்குக் கீழே முதன்முதலாகப் பல் தெரிந்தது. சிட் அப்படியே ஒரு கல்லறைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நாங்க காஞ்சொறியில நடந்தது?"

"வீண்."

"ஜேபெஸ் கேட்டது?"

"அவர் கேட்டிருக்கவே வேண்டாம்." மிஸஸ் ஸ்டாக்டேல் சுவரோரம் போய் வயலைக் காட்டினார். "எல்லாரும் இங்க வாங்க. அந்த மெலிசான கோடு தெரியுதா? மத்ததெல்லாம் பழைய ஊர். இது பழசு இல்லை. பழைய வீட்டுச் சுவர் மேலயே ஏறிப் போகுது பாருங்க, சுவர் இருந்த காலத்துல அப்படி நடக்க முடியாது. மரப்படியில தொடங்கி இந்தச் சின்னக் கதவுல முடியுது. கதவுக்குள்ள பார்த்தா, புல்லு தேஞ்ச தடம் ஒரே ஒரு கல்லறைக்குத்தான் போகுது."

எல்லோரும் திரும்பினோம். டார்கஸ் அம்மாவின் கல்லறை முன்னால் இரண்டு கால் நிற்கும் அளவுக்குத் தரை மொட்டையாக இருந்தது.

"உயிரோட இருக்கறவங்க, பட்டப்பகல்ல, யாரையும் கேக்காம, யாரும் தடுக்காம இருபது வருஷம் நடந்தா அது பொதுப் பாதை. அதுதான் சட்டம். உங்கம்மா எந்த வருஷம் போனாங்க, டார்கஸ்?"

"ராணிக்கு முடிசூட்டினப்ப, இருபத்திமூணு வருஷமாச்சு," என்றாள் டார்கஸ் மெதுவாக. "கம்பி போடற வரைக்கும் அப்பா ஒரு ஞாயித்துக்கிழமை விட்டதில்லை. பனியில கூட. சேத்துக்காலோட வீட்டுக்குள்ள வராதேன்னு ஒவ்வொரு வாரமும் திட்டுவேன். வாசல்லயே நின்னு பூட்ஸைக் கழட்டுவார், பேசாம." அவள் அந்த மொட்டைத் தரையில் மண்டியிட்டு உள்ளங்கையை வைத்தாள். "ஐயோ, திட்டினேனே."

"அவர் ஒருத்தர் நடந்தா போதுமா?" என்றார் மேஜர், பல் மறைந்துபோய்.

"நாங்களும் அவன்கூட நடந்தோம்," என்றார் சிட், எழுந்து நின்று. "அறுவடை ஆராதனைக்கு மொத்த மார்ட்டன்பியும் அந்த மரப்படி ஏறித்தான் வரும். உனக்கு முந்தி இருந்த நிலத்துக்காரர் எங்களுக்குக் கை காட்டுவார். யாரும் ஒரு ஊசி கேட்டதில்லை."

"ஊரே வந்து சாட்சி சொல்லும். மழை பெய்யறதுக்கு முந்தி அந்தக் கோட்டை ஒரு போட்டோ எடுத்துடு, க்ளெம்," என்றார் மிஸஸ் ஸ்டாக்டேல். "மேஜர், நீங்க முள்கம்பி போட்டது வயல்ல இல்லை. ரோட்டுல."

மேஜர் கீழே தன் வேலியைப் பார்த்தார். பிறகு மண்டியிட்டிருந்த டார்கஸைப் பார்த்தார். பட்டாளத்துக்காரர், தோற்றால் தோற்றதுதான்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள பிரிச்சுடறேன்," என்றார். "நானே பிரிக்கறேன்."

அவர் கோட்டுப் பையில் கைவிட்டு, எங்கள் எல்லோருக்கும் குத்துவதற்காக வாங்கி வைத்திருந்த குண்டூசிப் பொட்டலத்தை எடுத்தார். அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"இதுங்களை என்ன பண்றது?"

"பத்திரமா வச்சுக்கங்க, மேஜர்," என்றார் மிஸஸ் ஸ்டாக்டேல். "முள்கம்பி பிரிக்கறப்பக் கால்சட்டை கிழியும்."